சென்னிமலையில் விழுந்த ஸ்பீக்கர்

பாண்டில் கிதார் வாசிக்கலாம், ஆனால் பிராக்டீஸுக்குப் போகும்போதெல்லாம் அம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று கெசியாவின் அப்பா சொன்னார். விமலாராணி இதற்கு ஒருநாளும் சம்மதிக்க மாட்டாள் என்பது அவர் போட்ட கணக்கு. தானே வேண்டாம் என்று சொன்னால் மகள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். மனைவி சொல்லிவிட்டால் பழி அந்தப் பக்கம் போய்விடும். போத்தனூர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வருடக்கணக்காக வேலை பார்க்கிறவருக்கு, ஒரு மூட்டையை அடுத்தவர் வண்டியில் ஏற்றிவிடத் தெரியாதா?

ஆனால் விமலாராணி, "எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேட்டுவிட்டாள்.

அப்படித்தான் 1994-இல் 'தி காட்டன் மில்ஸ்' என்ற ராக் இசைக்குழு கோயம்புத்தூரில் தொடங்கியது. மூன்று பேர் வாசித்தார்கள். நாலாவது ஆள் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டு, டெலிபோனுக்கு உறை பின்னிக்கொண்டிருந்தாள். வீட்டில் டெலிபோன் கிடையாது. விண்ணப்பித்திருந்தார்கள்.

கெசியா பீளமேட்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் வருடம் படித்தாள். அவளுடைய கிதார் ஊட்டியிலிருந்து வந்தது. அங்கே ஒரு ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்த பாண்டைக் கலைத்துவிட்டு, முதலாளி அந்த மேடையில் ஐஸ்கிரீம் பெட்டியை வைத்துவிட்டார். அதே ஹோட்டலில் சமையல்காரராக இருந்த பெரியப்பா மகன், அனாதையாகக் கிடந்த சிவப்பு எலெக்ட்ரிக் கிதாரைப் போர்வையில் சுற்றி, கேரட் மூட்டையோடு பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். ஒரு தந்திக்கு மட்டும் திருகு இல்லை. மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்த தண்டைக் குறடால் பிடித்துத்தான் முறுக்க வேண்டும். ஆகவே விமலாராணியின் நூல்பையில் பின்னல் ஊசியோடு ஒரு குறடும் இருந்தது. பாட்டுக்கு நடுவில் கெசியா கையை நீட்டினால் போதும். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸைப் போல அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குறடை எடுத்து அந்தக் கையில் வைப்பாள்.

பேஸ் கிதார் வாசித்துக்கொண்டே பாடியவன் லியோ. கிறிஸ்துமஸ் கேரல் பாடப் போன இடத்தில் கெசியாவுக்குப் பழக்கமானவன். பாலிடெக்னிக்கில் டெக்ஸ்டைல் டிப்ளமோ படித்தான். அந்தப் பேஸ் கிதாரை அவனே காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் செய்தான். உடம்புக்கு எடுத்துக்கொண்டது வீட்டிலிருந்த பழைய மர பீரோவின் கதவு. சாவித் துவாரம் அப்படியே இருந்தது. யாராவது கேட்டால், சத்தம் அது வழியாகத்தான் வெளியே வருகிறது என்று சொல்லிவிடுவான்.

டிரம்ஸ் நிஜாம், லியோவின் வகுப்புத் தோழன். அவனுடைய பெரிய டிரம், கோயம்புத்தூருக்கு வந்த இடத்தில் கலைந்துபோன ஒரு சர்க்கஸ் கம்பெனியுடையது. அதன் முகத்தில் பந்தின்மேல் ஒற்றைக் காலில் நிற்கும் யானை வரைந்திருந்தது. டிரம்ஸோடு அடிக்கிற பித்தளைத் தட்டு மட்டும் எங்கும் அமையவில்லை. நிஜாமின் அத்தா அப்துல் குத்தூஸ் கோட்டைமேட்டில் தகர டிரங்குப் பெட்டி செய்து விற்பவர். மகன் கேட்டான் என்று ஒரு பெட்டி மூடியை வட்டமாக வெட்டிக் கொடுத்தார்.

"இதுல அடிச்சா என்னடா வரும்?" என்று கேட்டார்.

"சத்தம் வரும்த்தா."

"அது பெட்டிலயே வருமே."

அந்தத் தட்டில் அடித்தால் கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் தாம்பாளம் விழுந்த மாதிரி இருக்கும். முதல் சில வாரங்கள் விமலாராணி ஒவ்வொரு அடிக்கும் திரும்பி, யார் கை தவறியது என்று பார்த்தாள்.

இவ்வளவும் இருந்தும், எலெக்ட்ரிக் கிதாரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டாவிட்டால் அது சிவப்புப் பலகைதான். உப்பிலிபாளையத்தில் கெசியா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி 'வேலுமணி சவுண்ட் சர்வீஸ்' இருந்தது. காது குத்து, கல்யாணச் சீர், மாரியம்மன் நோம்பி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் செட்டுப் போகும். வேலுமணிக்கு நாற்பது நாற்பத்தைந்து வயது. தொழிலில் அவ்வளவு சுத்தம். "எம்பட செட்டுல பேசுனா கடைசி பந்தில உக்காந்தவனுக்கும் கேக்கோணும், தொட்டல்ல தூங்கற கொழந்தை முழிக்கப்படாது" என்பார்.

கெசியாவும் லியோவும் நிஜாமும், பின்னால் நூல்பையோடு விமலாராணியும் போய் நின்ற அன்று நல்ல முகூர்த்தம். ஷெட் காலியாகக் கிடந்தது.

"ஏனுங் அம்மணி, நேத்து சொல்லியிருக்கக் கூடாதுங்களா? ஒட்டுக்கா வெளிய போயிருச்சுங்க. ஒரு ஆம்ப்ளிஃபயர் நிக்குது, பாக்ஸு ஒண்ணுகூட இல்லீங்க."

கெசியா மூலையைக் காட்டினாள். "அது என்னங்கண்ணா?"

அங்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு மர ஸ்பீக்கர் பாக்ஸ் இருந்தது. அதன் நெற்றியில் நீல எழுத்தில் வேலுமணி சவுண்ட் சர்வீஸ் என்று எழுதியிருந்தது. மேலே ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

"அது ஆவாதுங்க. தைப்பூசத்துக்குச் சென்னிமலை கொண்டுபோயி, மலை எறங்கறப்ப டெம்போல இருந்து உழுந்துபோச்சு. உள்ள பேப்பர் கிழிஞ்சுபோச்சுங்க. பத்தாததுக்கு எலியும் கடிச்சுப்போட்டுது. இப்ப கோழிதான் குந்துது."

"கோழியை மட்டும் எறக்கி உடுங்கண்ணா. ஒரே ஒரு தடவை போட்டுப் பாத்தர்றேன்."

கோழியை இறக்கினார்கள். ஒயரை மாட்டினார்கள். கெசியா எல்லாத் தந்திகளையும் சேர்த்து ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தாள்.

அதுவரை அவள் அந்தக் கிதாரைச் சர்ச்சில், நல்ல ஸ்பீக்கரில் மட்டுமே வாசித்திருந்தாள். அங்கே அது கண்ணாடி டம்ளரில் கரண்டியால் தட்டிய மாதிரி இருக்கும். இந்தப் பெட்டியிலிருந்து வந்தது சத்தமா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ஒரு ஷெட் நிறைய தறி ஓடத் தொடங்கியதைப் போல, யாரோ மார்பில் கையை வைத்துப் பின்னால் தள்ளியதைப் போல இருந்தது. தந்தியை விட்ட பிறகும் அது உறுமிக்கொண்டே இருந்தது. கோழி சுவரேறிக் குதித்துப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

லியோவின் கண் கலங்கியிருந்தது. வேலுமணியின் கண்ணும் கலங்கியிருந்தது.

"இதுக்குத்தானுங்க ஆவாதுன்னு சொன்னேன்" என்றார் வேலுமணி.

"அண்ணா, எங்களுக்கு இதேதான் வேணும்" என்றாள் கெசியா.

அன்றையிலிருந்து பெட்டிக்குச் சென்னிமலை என்று பெயர் வைத்தார்கள். பிராக்டீஸும் வேலுமணியின் ஷெட்டிலேயே நடந்தது. அவர் கம்முனு ஓரமாக உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருப்பார். சென்னிமலை உறுமத் தொடங்கியதும் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். ஒரு சாயங்காலத்துக்கு அவர் குடித்த டீக்குக் கணக்கே இல்லை.

முதல் நிகழ்ச்சி லியோவின் பாலிடெக்னிக் ஹாஸ்டல் விழாவில் நடந்தது. பையன்கள் பெஞ்சின்மேல் ஏறி ஆடினார்கள். வார்டன் மட்டும் முடிந்த பிறகு லியோவிடம் வந்து, "எந்த மில்லுங்க தம்பி? தொழிலாளர் நலச் சங்கமா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். கெசியா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

வேலுமணி சிரிக்கவில்லை. விழாவுக்கு வந்திருந்த ஒரு மாணவனின் அப்பா சூலூர்க்காரர். பேத்திக்குக் காது குத்துக்கு வேலுமணியிடம் செட்டுச் சொல்லியிருந்தவர், மறுநாளே ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உங்கபட செட்டு கரகரங்குதாமா என்று அந்த ஆள் மிகுந்த மரியாதையோடு தெரிவித்தான்.

பெட்டியின் நெற்றியில் இருந்தது அவர் பெயர். இதைப் பையன்களிடமோ கெசியாவிடமோ சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. விமலாராணியிடம் சொன்னார். அவளை அவர் அக்கா என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

"அக்கா, தொழிலுக்கு வந்து ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்லீங்க. மனசு கேக்க மாட்டீங்குது."

விமலாராணிக்குப் பாவமாகிவிட்டது. அதோடு, கிழிந்த பெட்டியில் வாசிக்கும் பிள்ளைகளைப் பார்த்தும் அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

"அதை ரிப்பேர் பண்ணிட்டா என்னங்கண்ணா?" என்றாள். "பீளமேட்டுல போட்டி வருது. பெங்களூர், மெட்ராஸ்ல இருந்தெல்லாம் வராங்களாம். அதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்தா புள்ளைங்க சந்தோசப்படுவாங்க. இப்பச் சொல்ல வேண்டாம்."

இந்தப் பேச்சு பின்னாளில்தான் கெசியாவுக்குத் தெரியவந்தது.

போட்டி ஒரு இன்ஜினியரிங் கல்லூரி அரங்கத்தில். சாயங்காலம் நிகழ்ச்சி, காலையில் ஒவ்வொரு குழுவும் மேடையேறிச் சத்தம் சரிபார்த்துக்கொள்ளலாம். மெட்ராஸ் பாண்டுக்காரர்கள் எல்லாரும் கறுப்புச் சட்டை. அவர்களுடைய ஆம்ப்ளிஃபயர் வெளிநாட்டிலிருந்து வந்தது, அதற்குத் தனியாக ஒரு வெல்வெட் உறை வேறு. நிஜாம் தன் யானையைத் துண்டால் மூடி வைத்தான்.

வேலுமணி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். தானே பெட்டியை மேடையில் தூக்கி வைத்து, தானே ஒயரை மாட்டிவிட்டு, கீழே இறங்கி விமலாராணியின் பக்கத்தில் நின்றுகொண்டார். இரண்டு பேர் முகத்திலும் ஏதோ சீர் கொண்டுவந்தவர்களின் களை.

கெசியா ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கை எடுக்கும்போது வாசிப்பார்களே, அது மாதிரி வந்தது. தெளிவாக, இனிமையாக, ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. லியோ அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் இன்னொரு தடவை இழுத்தாள். இன்னும் இனிமையாக இருந்தது. அரங்கத்தின் பின்பக்கத்தில் தரையைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயா துடைப்பத்தை நிறுத்திவிட்டு, ஏதோ பக்திப் பாட்டு வரப்போகிறது என்று காத்திருந்தாள்.

"எப்படிங் அம்மணி?" வேலுமணி கீழேயிருந்து கேட்டார். "நேத்துக் காந்திபுரத்துக்குக் கொண்டுபோயி உள்ள புதுசு போட்டு, ஒயரெல்லாம் மாத்திப்போட்டேன். எதும் தர வேண்டாமுங்க. எம்பட அன்பளிப்பு."

விமலாராணி கை தட்டினாள்.

கோபப்படக்கூட வழியில்லாமல் இப்படி ஒரு நல்ல காரியத்தை ஒருவர் செய்துவைத்தால் என்னதான் செய்வது? கெசியா கிதாரைக் கழற்றி வைத்துவிட்டுப் படியிறங்கி வந்தாள்.

"ரொம்ப நல்லா இருக்குங்கண்ணா."

"நல்லா இருக்குதில்லீங்க?"

"ரொம்ப. ஆனா… பழையபடி வேணுங்கண்ணா."

"பழையபடின்னாங்க?"

"கிழிஞ்சு."

வேலுமணி விமலாராணியைப் பார்த்தார். விமலாராணி ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தாள், தான் கேட்டது சரிதானா என்று தெரிந்துகொள்ள.

"அம்மணி," என்றார் வேலுமணி மெதுவாக, "ஒருத்தன் உங்க ஊட்டுக்குச் சும்மா வெள்ளையடிச்சுக் குடுத்தா, செவுத்த இடிச்சுக் குடுன்னு கேப்பீங்களா?"

கெசியா முயன்று பார்த்தாள். இந்தப் பாட்டுக்கு அந்தக் கரகரப்புதான் உயிர், அது இல்லாவிட்டால் நாங்கள் பஜனைக் கோஷ்டி என்றாள். லியோ, வெளிநாட்டில் இதற்கென்றே காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி விற்கிறார்கள் என்றான். ஸ்பீக்கரைக் கெடுப்பதற்குக் காசு கொடுத்துப் பெட்டி வாங்குகிறார்களா என்று வேலுமணி திகைத்துப்போய்க் கேட்டார். ஆமாம் என்றான் லியோ.

கடைசியில் அவர் மனதில் இருந்தது வெளியே வந்தது. சூலூர்க் காது குத்தைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். கெசியாவுக்கு வெட்கமாகிவிட்டது. ஹாஸ்டல் விழாவிலிருந்து சிரித்துக்கொண்டே வந்த அன்று, பெட்டியில் எழுதியிருந்த பெயரை அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"மைக்குல சொல்லிடறோங்கண்ணா," என்றாள். "பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, இது உங்க செட்டோட குத்தம் இல்லைன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிடறோம்."

வேலுமணி யோசித்தார். மைக்கில் சொன்னால் அது செல்லும் என்பதில் அவருக்கு நம்பிக்கை உண்டு. அவர் தொழிலே அதுதானே.

"நான் சொல்றாப்பல சொல்லோணும்."

"அப்படியே சொல்றோம்."

"செரி, கெடுத்துக்கோங்க. ஆனா நான் கைய வெக்க மாட்டனுங்க."

பெட்டியைத் திறந்து லியோ காம்பஸ் முனையால் ஒரு குத்துக் குத்தினான். கெசியா இழுத்துப் பார்த்தாள். ஆடு தும்மிய மாதிரி வந்தது. நிஜாம் டிரம் குச்சியால் ஒரு ஓட்டை போட்டான். இப்போது இரண்டு ஆடு தும்மின. மெட்ராஸ் பாண்டுக்காரர்கள் தூரத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"குத்துனா வராது," என்றான் லியோ. "அன்னிக்கு அது உழுந்துதான் கெட்டுச்சு. இன்னிக்கும் உழுந்தாத்தான் வரும்."

எல்லாரும் வேலுமணியைப் பார்த்தார்கள். அவர் பெருமூச்சுவிட்டு டெம்போ சாவியை எடுத்தார். "அன்னிக்கும் நாந்தானுங்க ஓட்டுனேன்."

பெட்டியைப் பின்னால் ஓரமாக, கயிறு கட்டாமல் வைத்தார்கள். நிஜாம் யானை டிரம்மை மெட்ராஸ்காரர்கள் கண்ணில் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அதையும் ஏற்றினான். பையன்கள் இருவரும் கெசியாவும் பின்னால். முன் சீட்டில் வேலுமணியும் விமலாராணியும். பின்கதவைத் திறந்தே விட்டுவிட்டு அவினாசி ரோட்டில் கிளம்பினார்கள்.

ரோடு அப்போதுதான் புதிதாகப் போட்டது. பெட்டி அசையவில்லை. வேகத்தடை வந்தது. அதற்கு நாலு வீடு முன்னாலேயே வண்டி தவழத் தொடங்கியது.

"அண்ணா, வெசையா ஏத்துங்க!" என்று நிஜாம் கத்தினான்.

"காலு கேக்க மாட்டீங்குதுங்க தம்பி!"

இத்தனை வருடமாகச் செட்டு ஏற்றிக்கொண்டு வேகத்தடையில் மெதுவாகவே போன கால் அது. மூளை ஒன்று சொன்னால் பிரேக்கில் வேறொன்று நடந்தது. திருப்பத்திலும் அப்படியே. பள்ளத்திலும் அப்படியே. பீளமேட்டுக்குள் திரும்பி, சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருந்த தெருக்களாகப் பார்த்துப் போனார்கள். பெட்டி மெல்ல நகர்ந்தது, முன்பக்கமாக. கதவிலிருந்து விலகிவந்து நடுவில் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

"நான் தள்ளி உட்டர்றேன்" என்று லியோ எழுந்தான்.

"தள்ளப்படாது!" முன்னாலிருந்து அதட்டல் வந்தது. "தள்ளுனா நாம செஞ்ச பாவமுங்க. தானா உழுந்துச்சுன்னா அது அதும்பட கெரகம்."

கெசியா தலையில் கைவைத்துக்கொண்டாள். கட்டி வைத்த சாமான்கள் எத்தனை கல்யாணத்துக்குப் போகும் வழியில் விழுந்திருக்கும்! இன்றைக்கு இது கட்டாமலே ஒட்டிக்கொண்டு வருகிறது. திரும்பிப் போக நேரமாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் விமலாராணி, "அண்ணா, ஆடு!" என்று அலறினாள்.

வேலுமணி வண்டியை ஒடித்தார். பின்சக்கரம் மண்மேட்டில் ஏறி, ஒரு கணம் யோசித்து, அந்தப் பக்கம் இறங்கியது. சென்னிமலை தானாக நகர்ந்து, கதவைத் தாண்டி, தெருவில் தொப்பென்று விழுந்தது. பின்னாலேயே யானை டிரம்மும் குதித்து, படுக்காமல் நின்றவாக்கில் உருண்டு, பஸ் ஸ்டாப்பை நோக்கிப் போனது. நிஜாம் அதன் பின்னால் ஓடினான். நின்றுகொண்டிருந்த டவுன் பஸ்ஸின் கண்டக்டர் அதைக் கையால் நிறுத்தி, "ஏறுதுங்களா, இல்லீங்களா?" என்று கேட்டார்.

டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் பெட்டியின் மண்ணைத் தன் துண்டால் துடைத்தார். ஒருவர் விமலாராணிக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, "கயிறு கட்டிக் கொண்டுபோகக் கூடாதுங்களா? தொழில்காரருதானே நீங்க?" என்றார்.

வேலுமணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கட்டறவனுங்க நானு," என்றார். "எப்பயும் கட்டறவனுங்க."

"போச்சாட்ட இருக்குதுங்களே," என்றார் துண்டுக்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து. "காந்திபுரத்துல நல்ல ரிப்பேர்காரரு ஒருத்தரு இருக்காரு. அட்ரஸ் தரட்டுங்களா?"

"வேண்டாமுங்க!" என்று நாலு குரல்கள் ஒன்றாகக் கேட்டன. அவர் பயந்து பின்வாங்கினார்.

வண்டி கிளம்பியதும் கெசியா முன்பக்கம் எட்டிப் பார்த்தாள். தெரு முழுக்கத் தேடியும் அவளுக்கு எதுவும் தென்படவில்லை.

"ஆடு எங்கம்மா?"

"போயிருச்சு" என்றாள் விமலாராணி. மடியிலிருந்த நூல்பையின் வாயைச் சுருக்கி இறுக்கிக் கட்டினாள். சின்ன வயதில் சண்டே ஸ்கூலில் பொய் சொல்லக் கூடாது என்று கெசியாவுக்குப் பாடம் எடுத்ததே அவள்தான்.

சத்தம் எப்படி வரும் என்று பார்க்க நேரமே கிடைக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. 'அடுத்து, தி காட்டன் மில்ஸ்' என்று அறிவித்ததும், விழாவுக்கு உதவிய ஏதோ கம்பெனிக்கு நன்றி சொல்கிறார்கள் என்று நினைத்து முன்வரிசைப் பெரியவர்கள் கண்ணியமாகக் கை தட்டினார்கள்.

லியோ மைக்கின் முன்னால் நின்று, வேலுமணி சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னான்.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே. இப்போது தாங்கள் கேட்கவிருக்கும் கரகரப்பு, இசைக்குழுவினரின் சொந்த விருப்பத்தின் பேரில் ஏற்படுத்தப்பட்டது. இதற்கு உப்பிலிபாளையம் வேலுமணி சவுண்ட் சர்வீஸ் எவ்விதத்திலும் பொறுப்பல்ல. காது குத்து மற்றும் சகல சுப காரியங்களுக்கும் தெளிவான ஒலி அமைப்புக்கு அணுக வேண்டிய முகவரி, மாரியம்மன் கோயில் எதிரில். நன்றி, வணக்கம்."

அரங்கமே வெடித்தது. பின்வரிசைப் பையன்கள் விசிலடித்தார்கள், பெஞ்சைத் தட்டினார்கள், "கரகரப்பு! கரகரப்பு!" என்று கத்தினார்கள். அந்தக் கூச்சலின் உச்சத்தில் கெசியா தந்தியை இழுத்தாள்.

ஒன்றும் வரவில்லை.

இன்னொரு தடவை இழுத்தாள். வரவில்லை. நிஜாம் நேரத்தை ஓட்ட டிரங்குப் பெட்டி மூடியில் அடித்தான். கெசியா ஒயரைக் கழற்றித் திரும்ப மாட்டிப் பார்த்தாள். புதிதாகச் செய்ததைக் கெடுத்து, ஒரு மனிதரை நடுத்தெருவில் தலைகுனிய வைத்து, அம்மாவைப் பொய் சொல்ல வைத்து, கடைசியில் ஊமைப் பெட்டியோடு நிற்கிறோம்.

மேடை ஓரத்திலிருந்து வேலுமணி விறுவிறுவென்று வந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பெட்டியின் விலாவில், ஓங்கி, ஒரே ஒரு அறை விட்டார். ஏதாவது சரியாகும் என்று அடிக்கவில்லை, அன்று முழுக்கச் சேர்ந்த ஆத்திரத்தில்தான் அடித்தேன் என்று பின்னால் அவரே ஒத்துக்கொண்டார்.

சென்னிமலை உறுமியது.

பழைய உறுமல் இல்லை இது. அடித்தொண்டையில், உள்ளே ஏதோ கழன்று ஆடுகிற கடகடப்போடு, முன்னைவிட ஒரு சுற்றுப் பெருத்து வந்தது. வேலுமணியே நாலடி பின்னால் போய்விட்டார். கெசியாவுக்கு அதற்கப்புறம் எதுவும் ஞாபகமில்லை. பாட்டு முடிந்தபோது சட்டைக் கை நனைந்திருந்தது, ஒரு தந்தி அறுந்திருந்தது, முன்வரிசைப் பெரியவர்கள் எல்லாரும் வெளி வராந்தாவில் நின்றிருந்தார்கள்.

மூன்றாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு மெட்ராஸுக்குப் போனது. இரண்டாவது, மிருகங்களின் குரலில் பேசிக் காட்டிய ஒரு பையனுக்கு. மூன்றாம் பரிசை ஒரு உள்ளூர்க் கம்பெனி தந்தது, ஒரு வெட் கிரைண்டர். மூன்று பேருக்கு ஒரு கிரைண்டரை எப்படிப் பிரிப்பது என்று லியோவும் நிஜாமும் யோசிப்பதற்குள் விமலாராணி அதை டெம்போவில் ஏற்றச் சொல்லிவிட்டாள். ஒரு பிராக்டீஸ் விடாமல் வந்தவள் அவள்தான் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. இந்தத் தடவை வேலுமணி மூன்று சுற்றுக் கயிறு கட்டினார்.

கிளம்பும்போது மெட்ராஸ் பாண்டின் கிதார்க்காரன் கெசியாவிடம் வந்தான். காலையில் வாயைப் பொத்திக்கொண்டவர்களில் அவனும் ஒருவன்.

"அந்த ஆம்ப் என்ன மேக்குங்க?"

"சென்னிமலை" என்றாள் கெசியா.

"சென்னிமலை பெட்ஷீட் எங்க வீட்டுல இருக்கு. ஆம்ப்பும் அங்கதான் செய்யறாங்களா?"

"அங்கதான் செஞ்சுது" என்றான் லியோ. "இன்னிக்குப் பீளமேட்டுல கொஞ்சம் பாலிஷ் போட்டோம்."

அடுத்த வாரம் பிராக்டீஸுக்காகக் கெசியா வேலுமணியின் ஷெட்டுக்குப் போனாள். வாசலில் இரண்டு கல்லூரிப் பையன்கள் சென்னிமலையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போட்டிக்கு வந்திருந்த பையன்கள்தான், அவர்களும் ஒரு பாண்டு தொடங்கிவிட்டார்களாம். வாடகை அதிகமாக இருக்கிறதே, நல்ல பெட்டிக்கே இதைவிடக் குறைச்சல்தானே என்று ஒருவன் மெதுவாகக் கேட்டான்.

"நல்ல பொட்டி எத்தன வேணுமுன்னாலும் இருக்குதுங்க தம்பி," என்றார் வேலுமணி. "ஊர்ல அல்லாருகிட்டயும் இருக்குது. இதுக்குத்தானுங்க பாடு. பாக்கறவன் பூராம் சரி பண்ணித் தாரேன்னு வாரான். ரிப்பேர் ஆகிப்போகாம பாத்துக்கறது லேசுப்பட்ட காரியமில்லீங்க."

பையன்கள் அடக்கமாகத் தலையாட்டினார்கள். ஆட்டோ கிளம்பியது. கெசியா கிதாரோடு வாசலில் நின்றுகொண்டிருப்பதை வேலுமணி அப்போதுதான் பார்த்தார்.

"ஏனுங் அம்மணி, சொல்லாம வந்துபோட்டீங்களே," என்றார் நிஜமான வருத்தத்தோடு. "புதன்கிழமைதானுங்க பொட்டி உங்களுக்கு."